அத்தையின் ஒற்றை சாக்ஸ்

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியின் அடியில் ஒரு சாக்ஸ் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் போடுகிற மாதிரி இல்லை. தோல் நிறம், தொடை வரைக்கும் ஏறும், முன்பக்கம் விரல்கள் வெளியே தெரிகிற மாதிரி திறந்திருக்கும். கையில் எடுத்தால் குழந்தைக் காலுக்குக்கூடப் போதாது போலச் சுருங்கிக் கிடக்கும். இழுத்தால் பிடிவாதமாக நீளும். என் மாமியார் இடது காலில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. போன வாரம் பெட்டியை ஒழிக்கும்போது எடுத்து உதறினேன். கணுக்கால் பக்கம், நெசவுக்குள்ளே, ஒரு சங்கரா மீனின் செதில் மாட்டிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை துவைத்திருப்பேன், அது போகவில்லை. வெயிலில் காட்டினால் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னியது. நகத்தால் எடுக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டேன்.

அந்த சாக்ஸைப் போட்டுவிடுவது தினமும் ஒரு தனி வேலை. அத்தை கண் விழித்ததும், கால் தரையில் படுவதற்கு முன்னால் மாட்டிவிட வேண்டும். எழுந்து நடந்துவிட்டால் கால் வீங்கிக்கொள்ளும், அப்புறம் ஏறாது. காலில் பவுடர் தூவி, சாக்ஸை உள்ளங்கையில் சுருட்டிப் பிடித்து, குதிகாலைத் தாண்டுகிற வரைக்கும் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கும். "இன்னாடி, கோழிக்குத் தோலு உரிச்சிட்டுத் திரும்ப மாட்டுறாமேரி மாட்டுற" என்று அத்தை கத்தும். அதைப் போட்டுக்கொண்டே மீன் விற்கப் போகும். மார்க்கெட்டில் பக்கத்துக் கூடைக்காரிகள் விடுவார்களா? "இன்னா ஆயா, ஒத்தக் கால்ல சாக்ஸு? இன்னொரு காலுக்கு இஸ்கூல்ல எடம் கெடைக்கலியா?" என்பார்கள். "அத உன் வாயில மாட்டறதுக்கு வெச்சிகீறேன், கிட்ட வாடி" என்று சொல்லி, புடவையைக் கொஞ்சம் தூக்கி எல்லாருக்கும் காலைக் காட்டும். ஊரே பார்த்த கால் அது.

நான் ஏழாவதோடு நின்றவள். படிப்பு வராமல் நிற்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே வீட்டில் அடுப்பை அணைத்தேனா, தம்பி கிணற்றுப் பக்கம் போயிருப்பானா, நோயாளி அம்மா எழுந்து விழுந்துவிட்டாளா என்று ஓடுகிற மனசு. ஒரு நாள் பரீட்சைத் தாளைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். அம்மா நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அந்தப் பயம் கல்யாணத்துக்கு அப்புறமும் கூடவே வந்தது. வந்த இடமோ திருவொற்றியூர்க் கரையோரக் குப்பம், கட்டிக்கொண்டவரோ விசைப்படகில் போகிறவர். பயப்படுகிறவளுக்குக் கேட்கவா வேண்டும்! காற்று மாறினால் பயம், போன் எடுக்கவில்லை என்றால் பயம், போன் வந்தாலும் பயம். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வாரத்துக்கு ஒரு தடவை சோதனைக்காக சைரன் ஊதுவார்கள். அத்தை எனக்கு அதையே பெயராக வைத்துவிட்டது. "வந்துட்டாடா என் சைரனு. இன்னிக்கு இன்னா ஊதப் போறா?" என் சொந்தப் பெயரை அத்தை கூப்பிட்டு நான் கேட்ட நினைவு இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, முதல் தடவையாகப் படகு கிளம்ப இரண்டு நாள் இருந்தது. வீட்டுக்காரர் வலை, ஐஸ், டீசல் என்று துறைமுகத்திலேயே கிடந்தார். அன்றைக்குக் காலையில் சின்ன ஃபைபர் படகு கொண்டுவந்த மீனை எடுக்கப் போன அத்தை, மீன் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் கலந்து ஓடுகிற இடத்தில் வழுக்கி விழுந்தது. நான் பின்னால் கூடையோடு வந்துகொண்டிருந்தேன். இடது கால் ஒரு பக்கம் மடங்கியது. தலை ஐஸ் பெட்டியின் மூலையில் போய் 'டக்' என்று பட்டது. நான் கேட்டேன் அந்தச் சத்தத்தை. ரத்தம் வரவில்லை, வீக்கம்கூடப் பெரிதாக இல்லை. எழுந்து உட்கார்ந்ததும் அத்தை முதலில் செய்தது, சுற்றும் முற்றும் பார்த்ததுதான். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு என் கையை இழுத்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும். என் மாமனாரை நான் பார்த்ததில்லை. படகில் இரும்பு உருளையில் தலை இடித்து, ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு வந்து, சோறு சாப்பிட்டுப் படுத்தவர் எழவில்லை. அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குத் தலையில் அடி என்றாலே போதும், கையும் ஓடாது காலும் ஓடாது. அவர் அம்மாவுக்குத் தலையில் பட்டது என்று தெரிந்தால் படகில் ஏற மாட்டார். ஏறினாலும் மனசு கரையிலேயே இருக்கும். கடலுக்குப் போகிறவர் காதில் கெட்ட சேதி போடக் கூடாது என்பது எங்கள் குப்பத்து வழக்கம். மனசு வேறு இடத்தில் இருக்கிற ஆள் கயிற்றில் காலை மாட்டிக்கொள்வான்.

"கால் பிசகிகிச்சின்னு மட்டும் சொல்லு. தலப் பேச்சே எடுக்காத" என்றது அத்தை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் அத்த. ஒரு படம் எடுத்துப் பாத்துட்டா..."

"ஆரம்பிச்சிட்டாடா! என் புள்ள மேல சத்தியம் பண்ணு. அவன் திரும்பி வந்து கரையில கால் வெக்கிற வரிக்கும் இந்தப் பேச்சு ஒருத்தர் காதுலயும் விழக் கூடாது. பண்ணுடி."

ஈரக் கையை நீட்டியது. நான் அதன்மேல் கை வைத்தேன். கடலுக்குப் போகிற ஆள் மேல் செய்த சத்தியத்தை எங்கள் பக்கம் யாரும் மீறுவதில்லை. மீறினால் என்ன ஆகும் என்று யாரும் விளக்கிச் சொன்னதும் இல்லை. அப்படிச் சொல்லாமல் விட்ட இடத்தைத்தான் என் மாதிரி ஆள் பயத்தால் நிரப்பிக்கொள்வாள்.

காலுக்கு நாட்டுக் கட்டுப் போட்டார்கள், மூங்கில் பட்டை வைத்து இறுக்கி. வீட்டுக்காரர் போகிற அன்று அத்தை கட்டிலில் சாய்ந்தபடியே, "போய்ட்டு வா நைனா, கட்டு பிரிக்கிறதுக்குள்ள வந்துடு" என்று சிரித்தது. அவர் போனார். அத்தை படுத்தே கிடந்தது. மூன்றாம் நாளிலிருந்து தலைவலி என்று முனகும், நான் பார்த்தால் நிறுத்திக்கொள்ளும். கட்டுக்கு மேலே கெண்டைக்கால் தடிக்க ஆரம்பித்தது. பார்த்தவர்கள் எல்லாம் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொல்லாத வேளை இல்லை. "சைரன் ஊதுது, எல்லாரும் வெளிய ஓடுங்க" என்று அத்தை வாசலைப் பார்த்துக் கத்தும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நிஜமாகவே ஓடி விளையாடுவார்கள். நானும் சிரித்துவிடுவேன். தினமும் கேட்கிற சைரனை யார் மதிப்பார்கள், எனக்கே மதிப்பு இல்லாமல் போயிருந்தது.

படகு போன ஒன்பதாம் நாள், காலை பத்து மணி இருக்கும். அத்தை சுவரைப் பிடித்து எழுந்து பின்பக்கம் போக இரண்டு அடி எடுத்து வைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டது. "மூச்சு வாங்குதுடி" என்றது. மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. ஐம்பது கிலோ கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வெற்றிலை மென்று சண்டை போடுகிற ஆள், மூச்சு வாங்குது என்று சொல்லி நான் கேட்டதில்லை. உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை, கை மட்டும் ஐஸ்.

அடுத்த வீட்டு ஆட்டோ அண்ணன் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டினார். நெடுஞ்சாலை முழுக்கத் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள், எப்போதும் போல வரிசை கட்டி நின்றன. அவர் எதிர்ப்பக்கமாகவே விட்டார். "நவுறு நைனா, நவுறு, உசுரு போய்கினு கீது!" என்று கத்திக்கொண்டே ஓட்டினார். அத்தை என் மடியில் தலை வைத்திருந்தது. எந்தப் பக்கம் ஐஸ் பெட்டியில் பட்டதோ அந்தப் பக்கத்தை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு போனேன். காலடிப்பேட்டை தாண்டும்போது எனக்கு ஒரே நினைப்பு: இது தலையா, காலா, மாரடைப்பா? எதுவாக இருந்தாலும், நான் சொல்லக் கூடாத ஒன்றை என் கையிலேயே வைத்திருக்கிறேன்.

கொண்டுபோன பெரிய ஆஸ்பத்திரியின் அவசர அறையில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். அத்தைக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டு, நெஞ்சில் ஒயர்கள் ஒட்டி, ஒரு சின்ன மெஷினை நெஞ்சில் வைத்துத் திரையைப் பார்த்தார். அப்புறம் காலைப் பார்த்தார். கட்டைப் பிரித்துப்போட்டார். கெண்டைக்காலை இரண்டு கையாலும் அளந்து, மற்ற காலோடு ஒப்பிட்டார். உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னது எனக்குப் புரிகிற பாஷையில்தான் இருந்தது. அசையாமல் கிடந்த காலில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கிறது. அது பிய்த்துக்கொண்டு மேலே போய், நுரையீரலுக்குப் போகிற குழாய்கள் இரண்டையும் அடைத்துவிட்டது. இருதயம் அடைத்த கதவை முட்டித் தள்ளுகிற மாதிரி திணறிக்கொண்டிருக்கிறது.

"கட்டியைக் கரைக்க ஒரு மருந்து இருக்கும்மா. வேகமா வேலை செய்யும். ஆனா உடம்புல வேற எங்கயாவது காயம் இருந்தா அங்க ரத்தம் நிக்காம கசியும். சமீபத்துல ஆபரேஷன் ஏதாவது நடந்ததா? விழுந்தப்ப தலையில அடி ஏதாவது?"

அவர் தெளிவாகத்தான் கேட்டார். ஏன் கேட்கிறார் என்பதையும் சொல்லித்தான் கேட்டார்.

"கால்லதான் சார். தலையில ஒண்ணும் படல" என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தபோது என் கண்ணில் இருந்தது அத்தையின் முகம் இல்லை. கரை தெரியாத தண்ணீரில் ஒரு படகு, அதில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர். நான் வாயைத் திறந்தால் அந்தப் படகுக்கு ஏதோ ஆகும். எனக்கு அது மூட நம்பிக்கை என்று யாராவது இன்றைக்குச் சொன்னால் சண்டை போட மாட்டேன். ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தரை மாதிரி உறுதியாக இருந்தது.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு ஒரு போன் செய்தார், அவ்வளவுதான். பின்னால் தெரிந்துகொண்டேன்: அந்த ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கென்றே ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு அழைப்பு, ஐந்தாறு பேர் போனில் ஒரே சமயம் மணி அடிக்கும். முன்பெல்லாம் இந்த மாதிரி நோயாளி வந்தால், நுரையீரல் டாக்டர் பார்த்து இருதய டாக்டரிடம் அனுப்பி, அவர் பார்த்து இன்னொருவருக்குச் சீட்டு எழுதி, அதற்குள் ஆள் போய்விடுமாம். இப்போது எல்லாரும் நோயாளியிடம் வருகிறார்கள்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நுரையீரல் டாக்டரம்மா முதலில் வந்தார், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பின்னாலேயே இருதய டாக்டர், தீவிர சிகிச்சை டாக்டர், ரத்தக் குழாய்க்குள் ஒயர் விட்டுப் படம் பார்த்து வைத்தியம் செய்கிற ஒருவர். அறுவை சிகிச்சைக்காரர் வேறு ஒரு ஆபரேஷனில் இருந்ததால் போனிலிருந்தே பேசினார்; போனைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டார்கள். அத்தையைச் சுற்றி நின்றுகொண்டு பேச ஆரம்பித்தார்கள். பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: ஒருவர் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது, மருந்தை இப்போதே போடுவோம் என்றார். இன்னொருவர் வயசைப் பார்த்துப் பாதி அளவு போடலாம் என்றார். ஒயர் டாக்டர், தொடையிலிருந்து குழாய் விட்டுக் கட்டியை உறிஞ்சி எடுக்கலாம், ஆனால் அறை தயாராக அரை மணி வேண்டும் என்றார். போனில் இருந்தவர், எதுவும் நடக்கவில்லை என்றால் நெஞ்சைத் திறக்க நான் தயார் என்றார்.

இத்தனை பேர் ஆளுக்கொரு பேச்சு பேசுகிறார்களே, யாருக்குமே சரியாகத் தெரியாதோ? எனக்குத் தெரிந்த கூட்டம் மீன் ஏலம். அங்கே சத்தம் பெரிதாக இருக்கிறவனுக்கு மீன். இங்கே ஒருவர் பேசும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். மருந்தைப் போடு என்றவர், குழாய் விடலாம் என்றவரிடம் "அரை மணியை இருபது நிமிஷமாக்க முடியுமா?" என்று கேட்டார், தன் பேச்சே தோற்றாலும் பரவாயில்லை என்கிற மாதிரி. இருந்தாலும் காத்திருக்க நேரமில்லை என்று, மருந்துப் பக்கமே பேச்சு சாய்ந்துவிட்டது. நர்ஸம்மா ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த ஊசியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

அப்போது டாக்டரம்மா கையைக் கொஞ்சம் தூக்கினார். "போடறதுக்கு முன்னாடி. இன்னும் சொல்லாதவங்க யாராவது இருக்கீங்களா?"

சும்மா கேட்கிற கேள்வி என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். டாக்டர்களைப் பார்த்தார். நர்ஸம்மாவைப் பார்த்தார். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்த ஆள் சுவரோரம் நின்றிருந்தார், அவரையும் பார்த்தார். அவர், "கையி ரொம்ப சில்லுன்னு கீது மேடம், வந்தப்பவிட" என்றார். டாக்டரம்மா அத்தையின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சரிதான், எழுதிக்கோங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அந்தக் கண் என்னிடம் வந்து நின்றது.

அத்தையைப் பார்த்தேன். மாஸ்க்குக்கு மேலே கண் திறந்திருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தலையில பட்டுச்சு" என்றேன். "ஐஸ் பெட்டியில. பதினோரு நாள் ஆவுது. நான் பாத்தேன். சத்தமும் கேட்டுது."

சொல்லும்போதே மனசுக்குள் படகு கவிழ்ந்தது. நர்ஸம்மா ஊசியைத் தட்டில் வைத்தார். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம், ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றுகூட யாரும் கேட்கவில்லை. முதலில் என்னைக் கேட்ட சின்ன டாக்டர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். அவருக்கு மட்டும்தான் தெரியும், நான் முன்னால் இல்லை என்று சொன்னது. அவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒரு நாற்காலியை இழுத்து என் பின்னால் போட்டார். டாக்டரம்மா, "தலையை உடனே ஸ்கேன் பண்ணுங்க. அந்த ரூமைத் தயார் பண்ணச் சொல்லுங்க" என்றார். ஒரே நிமிஷத்தில் அத்தனை பேரும் வேறு பக்கம் திரும்பினார்கள், காற்று மாறினால் படகில் எல்லாரும் சேர்ந்து கயிற்றை மாற்றுகிற மாதிரி.

மண்டை ஓட்டுக்கு உள்ளே மெல்லிசாக ஒரு கோடு போல ரத்தம் கட்டியிருந்தது. அந்த மருந்து போயிருந்தால், மூச்சு வந்திருக்கலாம், ஆனால் தலைக்குள் ரத்தம் நின்றிருக்காது. தொடை வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். எடுத்ததை ஒயர் டாக்டர் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். கறுஞ்சிவப்பாக, கிளை விட்டு, செத்த விலாங்குக் குஞ்சுகள் பின்னிக் கிடந்த மாதிரி இருந்தது. "இதுதாம்மா உங்க அத்தையைப் பிடிச்சிருந்தது" என்றார். அவர் முகத்தில் பெரிய மீன் பிடித்த ஆளின் சந்தோஷம். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் அத்தைக்குப் பேச்சு வந்ததும் நான் கட்டிலோரம் நின்று சொல்லிவிட்டேன். "அத்த, நான் சத்தியத்த மீறிட்டேன். சொல்லிட்டேன்." அத்தை கண்ணை மூடிக்கொண்டது. "போட்டு வந்துச்சா?" என்றது.

வரவில்லை. அன்றைக்குப் படகு வர வேண்டிய நாளும் இல்லை. ஆனால் அதன் பிறகு அத்தைக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. நான் ஊதுவதைக் கேட்டுச் சிரித்த ஆள், தானே சைரனாகிவிட்டது. ஊசி போட வருகிற நர்ஸைக் கேட்கும், தரை துடைக்க வருகிற அம்மாவைக் கேட்கும். டாக்டரம்மா வந்து, "மூச்சு எப்படி இருக்கு?" என்றார். "அது கீது மேடம். போட்டு வந்துச்சா?" என்றது அத்தை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் படகைப் பற்றியும் சத்தியத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் வந்ததும் முதலில், "போட் வந்ததா?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார். ரத்தம் உறையாமல் இருக்கிற மருந்தை, தலையைத் திரும்ப ஸ்கேன் செய்து பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆரம்பித்தார்கள். அதற்கும் அந்தக் குழு கூடி நின்றுதான் பேசியது. அதையெல்லாம் அத்தை காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தது.

வர வேண்டிய பன்னிரண்டாம் நாள் படகு வரவில்லை. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவும் இல்லை. பதின்மூன்றாம் நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் உப்பு பூத்த லுங்கியோடு வார்டுக்குள் ஓடி வந்தார். எஞ்சின் கோளாறாம், மெதுவாக வந்தார்களாம், வேறொன்றுமில்லை. அவர் அழுதுகொண்டே அம்மாவின் தலையைத் தடவினார். அத்தை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து எட்டி அவர் பாதத்தைப் பார்த்தது, கரை மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "சைரனு, உன் சத்தியம் முட்ஞ்சிபோச்சி. போய் டீ குடி, போ" என்றது.

கால் வீங்காமல், ரத்தம் திரும்பக் கட்டாமல் இருக்க ஆஸ்பத்திரியில் போடச் சொன்னதுதான் அந்த ஒற்றைச் சாக்ஸ். வீட்டுக்கு வந்த பிறகு அத்தை ஒரு வழக்கம் கொண்டுவந்தது. குப்பத்தில் வேறு எந்த வீட்டிலும் கிடையாது. படகு கிளம்புவதற்கு முந்தின நாள், சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் கூடத்தில் உட்கார வேண்டும். ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும், நல்லதோ கெட்டதோ. ஒருவர் சொல்லும்போது இன்னொருவர் வாயைத் திறக்கக் கூடாது. கடைசியில் அத்தை, ஒற்றைச் சாக்ஸ் போட்ட காலை நீட்டிக்கொண்டு, டாக்டரம்மா மாதிரியே ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "இன்னும் சொல்லாதவங்கோ யாராச்சும் கீறீங்களா?" என்று கேட்கும். பிறகு என்னைக் காட்டி, "சைரனு, இன்னா கீதோ எல்லாத்தையும் ஊதிடு. அவன் கேட்டுட்டே போவட்டும்" என்னும். கடலுக்குப் போகிறவர் காதில் கெட்ட சேதி போடலாமா என்று தெருவில் கேட்டார்கள். "ஒளிச்சி வெச்சதுதாண்டி என்னக் கொல்லப் பாத்துது" என்றது அத்தை. நான் என் பயங்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஐஸ் பெட்டிக் கயிறு இற்றுப்போனதிலிருந்து அப்போது பள்ளியில் படித்த மகளின் பல் வரைக்கும். பாதிக்கு மேல் எனக்கே சிரிப்பு வந்துவிடும். சொல்லி முடித்தால் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். அந்த மிச்சத்தோடு தூங்க முடிந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் நான் எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை. முதல் கேள்விக்கு நான் இல்லை என்று சொன்னதை. எல்லாரும் என்னால்தான் அத்தை பிழைத்தது என்றார்கள். மார்க்கெட்டில் அத்தையே, "என் மருமவ வாயாலதான் நான் உசுரோட கீறேன்" என்று சொல்லிக்கொண்டு திரியும். அதைக் கேட்கிறபோதெல்லாம் தட்டில் இருந்த ஊசி என் கண்ணுக்கு முன்னால் வரும். அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தது அத்தை. ஒரு மத்தியானம் சோறு சாப்பிட்டுப் படுத்தது, எழவில்லை. அதன் வீட்டுக்காரர் மாதிரியே. இது வயசு, வேறொன்றுமில்லை என்றார் டாக்டர். நான் அதன் காலிலிருந்து சாக்ஸைக் கழற்றினேன். போடும்போது இரண்டு பேர் வேலை, கழற்றும்போது சுலபமாக வந்துவிட்டது.

போன வாரம் பெட்டியை ஒழித்தது, வீட்டுக்காரரின் கனத்த போர்வையைத் தேடித்தான். மறுநாள் படகு. சாப்பாடு முடிந்து கூடத்தில் உட்கார்ந்தோம். மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள்; ஆயாவின் கேள்வி அவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சாக்ஸ் என் மடியில் இருந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதே மாதிரி முகம் முகமாகப் பார்த்தாள். "இன்னும் சொல்லாதவங்க யாராச்சும் கீறீங்களா?"

நான் சொன்னேன். சின்ன டாக்டர் கேட்டது, நான் படவில்லை என்றது, ஊசியில் மருந்து ஏறியது, எல்லாவற்றையும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் சாக்ஸைப் பார்த்துச் சொல்லி முடித்தேன்.

"தெரியும்மே" என்றார் என் வீட்டுக்காரர்.

"இன்னா தெரியும்?"

"அம்மா சொல்லிகீது. ஆஸ்பத்திரிலயே சொல்லிச்சி. டாக்டரு மொதல்ல கேக்கசொல்ல அது கண்ண மூடிகினு இருந்துதே தவிர, காது நல்லாத்தான் கேட்டுதாம். 'மொதல்ல இல்லன்னு சொன்னா பாரு, அது உனுக்கோசரம். அப்பால கீதுன்னு சொன்னா பாரு, அது எனுக்கோசரம். நம்ம ரெண்டு பேரையும் ஒரே வாயில காப்பாத்தணும்னு அந்தப் பொண்ணு ரொம்ப பேஜாராப் போச்சி நைனா. அவளா சொல்ற வரிக்கும் நீ வாயத் தொறக்காத'ன்னு சத்தியம் வாங்கிச்சி."

"யார் மேல?"

"உன் மேலதான். வேற யாரு மேல வாங்கும் அது?"

ஆறு வருஷம் இந்த மனுஷன் என் மேல் செய்த சத்தியத்தைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போய் வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, அதோடு சிரிப்பும் வந்தது. மகள், "அவ்ளோதானா? வேற ஒண்ணும் இல்லியே?" என்றாள்.

"கீது" என்றேன். "அந்தப் புது லைப் ஜாக்கெட்டுல ஒரு பக்கிள் சரியாப் பூட்டல, நான் பாத்தேன்."

அவர் எழுந்து போய் ஜாக்கெட்டை எடுத்து வந்து என் முன்னால் உட்கார்ந்து, பக்கிளைப் பூட்டிப் பூட்டிக் காட்டினார். நான் சாக்ஸை மடித்தேன். கணுக்கால் பக்கம் விரல் போனபோது செதில் தட்டுப்பட்டது. அதை அங்கேயே விட்டுப் பெட்டியில் வைத்தேன்.